முன்பக்கம் திறக்கும் நைட்டி

அக்காவுக்கு,

பால் கொடுக்கப் பழக்கும் வகுப்புக்கு இன்று போனேன். கையில் ஒரு பொம்மையைத் தந்தார்கள். நான் அதன்மேல் குனிந்ததைப் பார்த்த நர்ஸ், "நீங்க குனியாதீங்கம்மா, முதுகு போயிடும். பிள்ளைய உங்ககிட்ட கொண்டு வாங்க" என்றார். உனக்கும் இதைத்தானே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

என் வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து நீ இந்தப் பக்கமே வருவதில்லை. ஏன் என்று கேட்கமாட்டேன். பிள்ளை போன பிறகு உனக்குப் பால் கட்டிக்கொண்ட அந்த வாரம், நனைந்த துணியை மாற்றிவிட்டவள் நான்.

"வீட்ல கூட யாரு இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டார். யோசிக்காமல், "எங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

பால் கொடுக்கவென்று நீ அப்போது தைத்த நைட்டிகள் பீரோவில் மடித்தபடியே இருப்பதாக அம்மா சொன்னாள். யாரிடமும் கொடுத்தனுப்பிவிடாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.

உன் தங்கை