பெத்ராவிலிருந்து மனைவி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஜோர்தானில், பெத்ராவின் செம்மலையைக் குடைந்து செதுக்கிய மாளிகைக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் அம்மான் நகரில் நான் வீட்டு வேலை செய்த நான்கு வருடத்தில், அந்தக் குடும்பம் இங்கே மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்தார்கள்.

"அரபு வீட்டிலை வேலை செய்தது சனத்துக்குத் தெரிய வேண்டாம். ஆரும் கேட்டால் லூர்து மாதாட்டைப் போறன் எண்டு சொல்லும்" என்று, இந்தப் பயணத்துக்கு நான் புறப்பட்டபோது சொன்னீர்கள்.

இன்று வாசலில் நுழைவுச்சீட்டு கொடுத்தவர், அரபி எங்கே படித்தீர்கள் என்று வியந்தார். அம்மானில் வேலைக்காரியாக இருந்தேன் என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்.

இங்கே எடுத்த படத்தைத் திங்கட்கிழமை லாச்சப்பலில் இருக்கும் நம் கடைச் சுவரில் மாட்டுவேன். கேட்பவர்களுக்கு நானே சொல்வேன். ஆணி அடிக்க உங்களுக்கு வெட்கமென்றால், சுத்தியலை மட்டும் எடுத்து வையுங்கள்.

உங்கள் மனைவி