ஊரில் அவசரம்

கோயம்புத்தூர்,
5.7.1998

அன்புள்ள பாகீ,

இரு பக்கமும் க்ஷேமம். மலையிலிருந்து நேற்றுத்தான் இறங்கினோம். ராலியில் இரண்டாம் இடம்! பிச்சைக்கனி காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கிலீஷில் சொன்னால் அவனுக்கு ஏறவில்லை என்று மிருதங்கச் சொல்லுக்கு மாற்றினேன். வலது வளைவுக்குத் தகிட, இடதுக்குத் தகதிமி. மீராவை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததேதான். "அண்ணே, நீங்க இஞ்சினீயரா, பாட்டு வாத்தியாரா?" என்று கத்துகிறான். கை மட்டும் சரியாகத் திரும்புகிறது.

கிளம்புகிற அன்று ஒர்க்‌ஷாப் பால்பாண்டி, "ஊர்ல அவசரமாம், வரச்சொல்லி ஒரு அம்மா போன் பண்ணுச்சு" என்றான். சிரித்துவிட்டேன். நீ விடமாட்டாயே! "இங்கே பக்கத்தில் கழக்கூட்டம் என்கிற ஊரில் சாப்ட்வேர் கம்பெனியில் நல்ல அவசரம் வந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்" என்று போன கடிதத்தில்தானே எழுதியிருந்தாய். "டேய், எங்க திருவனந்தபுரத்துத் தமிழ்ல மலையாளம் கலந்திருக்கும். அவசரம்னா வாய்ப்பு. பயப்படாதே" என்று அவனுக்கு விளக்கம் சொல்லிவிட்டு வண்டியேறினேன். வாய்ப்பு எங்கே ஓடிவிடப்போகிறது?

இத்துடன் ஒரு ப்ளாப்பி. நானே எழுதிய புரோகிராம். தம்புராவைப் போல நிற்காமல் சுருதி கொடுக்கும். மீராவின் ஐந்தரைக் கட்டை. நான் விட்டுவந்த கம்ப்யூட்டரில் போட்டு அவளைப் பாடச் சொல். சுருதி எங்காவது அசைகிறதா என்று அவள்தான் சொல்லவேண்டும்.

உன்,
நாகேஸ்வரன்


கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்,
17.7.1998

நமஸ்காரம்.

ப்ளாப்பி வந்தது. மேஜைமேல் இருக்கிறது. மீராவின் பாட்டு கிளாஸை நிறுத்திவிட்டேன். கழக்கூட்டத்து வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். அதற்காக நீங்கள் வரவேண்டாம்.

மழை விடவில்லை. பக்கத்து வீட்டு சுசீலாபாயின் போன் இன்னும் சரியாகவில்லை. உங்களுக்கு எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருக்கிறேன். இன்றைக்கு இவ்வளவுதான் முடிகிறது.

பாகீரதி


கோயம்புத்தூர்,
26.7.1998

அன்புள்ள பாகீ,

இதென்ன கடிதமா, தந்தியா? 'இரு பக்கமும் க்ஷேமம்' கூடக் காணோம். வேலை கைவிட்டுப்போன கோபம் உனக்கு. சரி, என்னைத் திட்டு. குழந்தையின் பாட்டை ஏன் நிறுத்தவேண்டும்?

போன லீவில் நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணியதும் மாடியிலிருந்து, "அப்பா, இன்னிக்கு வேற மாதிரி இருமறது" என்று கத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா? கழற்றிப் பார்த்தால் பிளக்கில் கரி. இஞ்சினோடே வாழ்கிற எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. அந்தக் காதை வீணாக்காதே. செப்டம்பர் ராலி முடிந்ததும் வந்து நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

மீராக்குட்டிக்கு: தகிட தகதிமி. சுருதி எப்படி? அசைகிறதா? பதில் போடு.

உன்,
நாகேஸ்வரன்


கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்,
4.8.1998

நமஸ்காரம்.

அந்த க்ஷேம வரியைப் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை.

பால்பாண்டியிடம் சுசீலாபாய் சொன்னது தமிழ் அவசரம். மீராவுக்கு மூளைக்காய்ச்சல். நான் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாமல், அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பி உங்களைக் கூப்பிடச் சொன்னேன். "மலையாளம் பேசினா அவாளுக்கு மனசிலாகாதுன்னு தமிழ் வார்த்தையாப் பார்த்துச் சொன்னேனே" என்று இன்றைக்கும் அழுகிறார். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பூத்துக்கு நானே போய்க் கூப்பிட்டேன். எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள் என்றான் வாட்ச்மேன்.

நீங்கள் வந்திருந்தாலும் காது போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பழியை உங்கள்மேல் போடவில்லை. ஆனால் காது கேட்ட கடைசி நாள்வரை அவள் கேட்டது உங்களைத்தான். "அப்பாவைத் தகிட சொல்லச் சொல்லு" என்றாள். நானே சொல்லிப் பார்த்தேன். "நீ சொன்னா தாளம் தப்பறது அம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் விழித்து, "ஏம்மா எல்லாரும் ரகசியம் பேசறேள்?" என்றாள். டாக்டர் அவள் பின்னால் நின்று கை தட்டினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது உங்கள் குரல் மலையில் பிச்சைக்கனிக்கு வளைவு சொல்லிக்கொண்டிருந்தது. இதை நினைக்காமல் என்னால் ஒரு பாத்திரம்கூடத் தேய்க்க முடியவில்லை.

நேற்று உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ப்ளாப்பியைப் போடச் சொன்னாள். போட்டேன். "கேக்கறதா?" என்று என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன். பாடினாள். ரொம்பச் சத்தமாக. சுருதி ஓரிடம், அவள் ஓரிடம். "சேர்றதாம்மா?" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். உங்களுக்கு அவள் எழுதச் சொன்ன பதில்: "அசையலை அப்பா, நன்னா இருக்கு."

வாசலிலிருந்தே "மீராக்குட்டீ" என்று கூப்பிட்டுக்கொண்டுதானே வருவீர்கள். அவள் திரும்பமாட்டாள். நீங்கள் அந்த இடத்திலேயே நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. செப்டம்பர் ராலிக்குப் போங்கள். எங்களிடம் வர உங்களுக்கு இனி அவசரம் ஒன்றும் இல்லை. பால்பாண்டியின் தமிழிலும் சரி, நம் ஊர்த் தமிழிலும் சரி.

பாகீரதி