தண்ணி மட்டும் விழுந்த படம்

1981, ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

படத்தில் தண்ணியும் வானமும் பிரியவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். ராமேஸ்வரத்தில் அம்மாவின் சாம்பலைக் கரைத்தபோது, அப்பாவைப் படம் எடுக்கச் சொல்லி மாமா என்னிடம் கேமராவைக் கொடுத்திருந்தார். என்னால் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. கேமராவைத் திருப்பி, கடலை மட்டும் எடுத்தேன்.

"கை ஆடிருச்சே ஆத்தா, இதுல ஒண்ணுமே விழலையே" என்றார் போடி டவுன் ஸ்டுடியோக்காரர். அன்று என் மனசு இருந்த மாதிரியே அதில் விழுந்திருந்தது. காசைக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா வாங்கிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"ஏலத்தோட்டத்துப் பனிமூட்டம்தானே இது? உங்கம்மா ஏலக்கா எடுக்க இதுக்குள்ளதான் வெரசா நடந்து போவா" என்றார். படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடல் என்று நான் சொல்லவில்லை. விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.