அத்தானும் புது மாப்பிளையும்

செப்ரெம்பர் 5, வெள்ளி

விடியத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. லிஃப்ற் ஒன்று பழுது, மற்றதில் சனம் முட்டி வழிகிறது. உடுப்புத் தோய்க்கக் கீழே போய் வந்ததிலேயே முழங்கால் முடிந்தது. நல்ல காலம், நாளை வேலை இல்லை, பல்லுக் கிளினிக் லீவு.

மாட்ச் தோல்வி. பஞ்சாங்கம் நன்றாகத்தான் எறிந்தார். அடிக்கிற ஆட்கள்தான் நித்திரை. அத்தானை இன்றைக்கும் இறக்கவில்லை. வாங்குப் பலகையில் இருந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார் பாவம்.

யாராவது இதை வாசித்தால் என் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்களோ தெரியாது. இவர்கள் எல்லாரும் எங்கள் பேஸ்போல் ரீம். பெயர் வைத்தது நானும் சிநேகிதி சரீனாவும். முதல் வருசம் ரீவியில் சொல்லும் பெயர் ஒன்றும் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே:

பஞ்சாங்கம் – பந்தெறிகிறவர். நல்ல நேரம் பார்த்துத்தான் கையைத் தூக்குவார்.

கலியாணவீட்டுக்காரர் – முதலாம் பேஸில் நிற்பவர். எதிராளி ஓடி வந்து நின்றாலும் முதுகில் தட்டிச் சுகம் விசாரிப்பார்.

மருமோன் – சரீனா தன் மகளுக்குப் பார்த்து வைத்திருக்கிற பெடியன். அவனுக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

அதிபர் – கோச். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நிலையிலேயே பெயர் வந்துவிட்டது.

அத்தான் – கச்சர். அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர். என்னுடைய ஆள். இடுப்பு நாரி நோவோடு இத்தனை வருசமாகக் குந்துகிற மனிசன்.

இந்தப் பெயர்கள் எங்கள் இரண்டு பேருக்கும்தான் சொந்தம். இவருக்கு, என் கணவருக்கு, அரைகுறையாகத் தெரியும், ஆனால் கிரிக்கெற் மனிசன். பின்னேர ஷிஃப்ற்றுக்கு வெளிக்கிடும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மட அத்தானை இன்னும் வெளியிலதான் இருத்தி வைச்சிருக்கினமோ?" என்றார்.

சோபாவில் சரீனாவின் பக்கம் வெறுமை. ஜூனில் ரொறன்ரோவுக்கு வெளியே விட்பிக்கு வீடு மாறிப் போனாள். பத்து வருசத்துக்கு மேல் இரண்டு கதவு தள்ளி இருந்தவள். மாட்ச் தொடங்கினால் செருப்பும் போடாமல் ஓடி வருவாள்.

பால், வெங்காயம், முழங்காலுக்குப் பூச மருந்து. நாளை வாங்க வேண்டும்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

வெயில். காற்றில் லேசான குளிர்.

இப்போது நாங்கள் மாட்ச் பார்ப்பது போனில். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் அங்கே, நான் இங்கே. ஒரு கரைச்சல். எங்கள் வீட்டில் மகனுடைய கணக்கில் இன்ரநெற் வழியாக வருகிறது, பின்தங்கித்தான் வரும். விட்பியில் எல்லாம் முந்தி நடந்துவிடும். இங்கே பஞ்சாங்கம் இன்னும் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு நிற்பார், அங்கே அவள் "அல்லாவே" என்று கத்திவிடுவாள். சந்தோசம் எனக்கு வருவதற்குள் ஆறிப்போய்விடும்.

அது பரவாயில்லை. இன்றைக்கு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸ். அவள் பக்கத்திலிருந்து வேறொரு பொம்பிளைக் குரல்: "சரீனா, பஞ்சாங்கம் திரும்பவும் நேரம் பாக்கத் தொடங்கிட்டார்."

பஞ்சாங்கம் என்றாள். நான் வைத்த பெயர்.

"ஆரது?" என்று கேட்டேன்.

"சுபா, அக்கா. பக்கத்து வீடு. யாழ்ப்பாணம்தான். நான் சொன்னனான் எல்லோ, அவவின்ர வீட்டு பேஸ்மென்ற்ல இருந்துதான் பாக்கிறம். பெரிய ரீவி."

சொன்னவளாம். எனக்குச் சொல்லவேயில்லை. அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வயிறுதான் எரிந்தது.

மாட்ச் வெற்றி. மருமோன் ஹோம் ரன். எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

செப்ரெம்பர் 13, சனி

வீடு கூட்டியது. கரப்பொத்தானுக்கு மருந்தடிக்க வருகிறார்களாம், அலுமாரி எல்லாம் வெறுமையாக்கச் சொல்லி நோட்டீஸ். தலையிடி.

சுபாவைப் பற்றி இதுவரை தெரிந்தது:

வங்கியில் வேலை. கணவனுக்கும் நல்ல வேலை.

பேஸ்மென்ற்றில் சாய்ந்து படுக்கிற கதிரைகள். சோளப்பொரி பொரிக்கிற மெசினும் உண்டாம்.

ஜூலையில்தான் பார்க்கத் தொடங்கினாள். ரீம் வெல்லத் தொடங்கியதும் ஜூலையில்தான். நாங்கள் கடைசி இடத்தில் கிடந்த வருசங்களில் இந்த அம்மா எங்கே?

பந்து கோட்டுக்கு வெளியே போனால் "நோ போலோ?" என்று கேட்பாளாம். சரீனா சொல்லிச் சிரிக்கிறாள். நான் கேட்டிருந்தால் சிரித்திருப்பாளா?

அப்படிக் கதிரை இல்லாத குறை எங்கள் சோபாவில் ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒரு ஸ்பிரிங் குத்தும், அவ்வளவுதான்.

செப்ரெம்பர் 17, புதன்

கிளினிக்கில் சரியான சனம். பல்லுக் கழுவுகிற சாமான்களை அவித்து அவித்துக் கை வெந்துபோனது. வெளியே நல்ல வெயிலாம். பார்க்கவில்லை.

ஜூலைக் கடைசியில் வேறு ஊரிலிருந்து ஒரு இளம் கச்சரை வாங்கிப் போட்டார்கள். அன்றிலிருந்துதான் அத்தானுக்கு வாங்கு. புதியவன் நன்றாக அடிக்கிறான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பந்தைப் பிடிக்கிற விதத்தில் ஒரு மரியாதை இல்லை. அத்தான் பிடித்தால் பிள்ளையை வாங்குவது போல இருக்கும்.

அவனுக்கு நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு போனில் சரீனா சர்வசாதாரணமாக, "புது மாப்பிளை இண்டைக்கு ரெண்டு அடி அக்கா" என்கிறாள்.

"அது ஆர் வைச்ச பேர்?"

"சுபாதான். நல்லா இருக்கு என்ன?"

ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன். அவளே, "அத்தானும் பாவம்தான். ஆனா வயசு போகுதெல்லோ அக்கா" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்காமலா இருக்கிறது?

ரீவியில் அத்தான் புது மாப்பிளைக்குப் பக்கத்தில் குந்தி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தோளில் கை வேறு. என்ன மனிசனோ. என்னால் முடியாது.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

வானம் மப்பு. இவர் நாள் முழுக்க நித்திரை.

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு வருசமும் ரொறன்ரோவில் நடக்கிற கடைசி ஞாயிற்றுக்கிழமை மாட்ச்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் நேரில் போவோம். உச்சி அடுக்கு, ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிகிற இடம். ஒரு வருசம் அவள் ரிக்கெற் எடுப்பாள், அடுத்த வருசம் நான். எடுக்கிறவள் மற்றவளிடம் கேட்பதில்லை. கிழமைக்கு முன்னம் கதவைத் தட்டி, "சாப்பாடு உம்மட பொறுப்பு" என்று சொன்னால் சரி. சாப்பாடு அவள் பொறுப்பென்றால் கோழி றோல்ஸ். நாங்கள் ஒருவரை ஒருவர் "வாறீரோ" என்று கேட்டதே கிடையாது.

இந்த வருசம் என் முறை. அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஜூனிலேயே எடுத்துவிட்டேன். இரண்டு சீற், போனில் கிடக்கிறது. தட்டுவதற்குத்தான் கதவு இல்லை. அவளே தொடங்குவாள், "றோல்ஸ் எத்தினை அக்கா?" என்று கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு போன் எடுத்தாள். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, அடுத்த ஞாயிறு நீங்கள் என்ன மாதிரி?"

"ஏன்?"

"சுபாக்கு வேலையில ரெண்டு ரிக்கெற் குடுத்திருக்கினம். கீழ, விளையாடுற ஆக்கள் இருக்கிற வாங்குக்குக் கிட்ட. அவ என்னை வரச் சொல்லிக் கேக்கிறா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம். வாயில் வந்ததே வேறு. "பிறகென்ன, போட்டு வாரும். எனக்கு முழங்கால் ஏலாது, படியேற மாட்டன்."

"உண்மையாவோ அக்கா?"

"உண்மையாத்தான்."

பிறகு, "சரி அப்ப" என்றாள். வைத்துவிட்டாள்.

கீழே, கிட்ட. அத்தானுடைய முகம் தெரியும் அங்கிருந்து.

செப்ரெம்பர் 24, புதன்

மழையும் காற்றும். குடை பிரண்டு போனது.

கணக்கு இப்படி: போகிற போக்கில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாட்ச்சில்தான் முடியும் போல, வென்றால் அடுத்த சுற்று. தோற்றால் இந்த வருசம் அவ்வளவுதான். ஊரெல்லாம் இதே கதை. கிளினிக்கில் பல்லுப் பிடுங்க வந்தவரும் நீலத் தொப்பியோடு வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

இன்றைய மாட்ச்சில் புது மாப்பிளை பந்தைத் தவறவிட்டான். அதனால் எங்களுக்கு ஒரு ஓட்டம் நட்டம். நான் கை தட்டினேன். தனியே இருந்து, சத்தமாக. பிறகு எனக்கே என்னைப் பார்க்க வெட்கம்.

ரீம் தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா? ஓம். கொஞ்சம். அடுத்த சுற்றுக்குப் போனால் ஒக்ரோபர் முழுக்க அந்த பேஸ்மென்ற், அந்தக் கதிரை, அந்தச் சோளப்பொரி. தோற்றால் ரீவியை நிற்பாட்டிவிட்டு எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போவார்கள்.

மற்ற ரீம்காரனுக்குக்கூட வரக்கூடாத புத்தி.

செப்ரெம்பர் 27, சனி

ரிக்கெற்றை வித்துவிடச் சொல்கிறார் இவர். இப்போது நல்ல விலை போகுமாம். நாளைக்குத் தனக்கு ஷிஃப்ற், வர ஏலாதாம். "இல்லாட்டி சரீனாவுக்கு ஃபோனைப் போட்டு உண்மையைச் சொல்லும். என்ன வரட்டுக் கௌரவம் உமக்கு?" என்றார்.

கௌரவம் இல்லை. கேட்டு வாங்கினால் அது பழைய மாதிரி இருக்காது. அவருக்கு விளங்காது. கிரிக்கெற் மனிசன்.

விற்கவில்லை. தனியே போகிறேன்.

றோல்ஸ் செய்ய வெளிக்கிட்டு, மா உதிர்ந்து, விட்டுவிட்டேன். அவளுடைய கை எனக்கு வராது. பாணும் சம்பலும்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

நல்ல வெயில். கூரை திறந்து வைத்திருந்தார்கள்.

ஷேர்பேர்ன் ஸ்ரேசன் வரை நடந்து, சப்வே பிடித்து, யூனியனில் இறங்கிச் சனத்தோடு சனமாய்த் தள்ளுப்பட்டு. படி ஏறும்போது முழங்கால் சரியான நோ. சொன்ன பொய் பலித்துவிட்டது.

பக்கத்துச் சீற்றில் என் பையை வைத்தேன். இரண்டு பேர் வந்து கேட்டார்கள், ஆள் இருக்கிறதா என்று. வருவார் என்று சொன்னேன். இரண்டாவது ஆளுக்குச் சொல்லும்போது பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே அவர்கள் இருக்கிற பக்கத்தையே பார்த்தேன். பத்தாயிரம் நீலச் சட்டை. அதில் எது சரீனா? முக்காட்டுக்கு மேல் தொப்பி போட்டிருப்பாள், அவளுடைய வழக்கம். இவளாக இருக்கும், அவளாக இருக்கும் என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்ததில் மூன்று இன்னிங்ஸ் போய்விட்டது. பாணைத் திறக்கவேயில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ஓட்டம் பின்னுக்கு. ஒரு ஆள் பேஸில். இரண்டு அவுட், மூன்றாவதோடு ஆட்டம் முடிந்துவிடும். புது மாப்பிளையின் முறை. அதிபர் கட்டின கையை அவிழ்த்து அவனைக் கூப்பிட்டார். அவனுக்குப் பதிலாக அத்தான் துடுப்போடு வெளியே வந்தார்.

அரங்கம் முழுக்க எழும்பி நின்றது. நானும். முழங்காலாவது மண்ணாங்கட்டியாவது.

அந்த நேரம் எனக்கு சுபாவும் இல்லை, விட்பியும் இல்லை. அடியப்பா, ஒரேயொரு அடி என்று வாய்விட்டுக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை நான்.

அடித்தார். நல்ல அடி. பந்து எங்கள் பக்கமாக உயர்ந்து உயர்ந்து வந்தது, வந்தது, மதிலடியில் எதிராளி துள்ளிப் பிடித்துவிட்டான்.

முடிந்தது. வருசம் முடிந்தது.

முதலில் வந்த நினைப்பு: சரி, இனி பேஸ்மென்ற் இல்லை. எழுதத்தான் வேண்டும், வந்தது. அடுத்த கணம் அத்தானைப் பார்த்தேன். பாதி வழியில் நின்று, ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பந்து போன திசையைப் பார்த்தபடி. அடுத்த வருசம் இனி அவரை எடுக்க மாட்டார்கள். புது மாப்பிளைதான் ஓடி வந்து கட்டிப் பிடித்தான். நான் சீற்றில் இருந்து அழுதேன்.

போன் அடித்தது. சரீனா. அவளும் அழுகிறாள்.

"பாத்தீங்களோ அக்கா? எங்கட அத்தான்..."

எங்கட என்றாள்.

"ஓம், பாத்தன். ரீவியில."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் சனத்துக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்கள். என் தலைக்கு மேலேயும் அதே குரல், போனுக்குள்ளேயும் அதே குரல். எங்கள் வீட்டு ரீவி எப்போதும் பின்தங்கித்தான் பேசும், ஒருநாளும் அவள் கேட்பதோடு ஒன்றாய்ப் பேசியதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"அக்கா. எங்க நிக்கிறீங்கள்?"

போனைக் கையால் பொத்தினேன்.

"மேலயோ? எங்கட இடத்திலயோ? அப்ப ஏன் என்னைக் கூப்பிடேல்ல? நீங்கள் றோல்ஸைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்ல, இந்த வருசம் என்னை விட்டிட்டீங்கள் எண்டு நான் நினைச்சன். சுபாக்குக்கூட ஒரு கிழமையா மறுமொழி சொல்லாமல் வைச்சிருந்தனான்."

"முழங்கால்..." என்று தொடங்கினேன்.

"முழங்காலோட எப்பிடி ஏறினீங்கள்?" அழுகை சட்டென்று நின்றுவிட்டது. குரல் மாறியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "ஆரோட வந்தனீங்கள்?" என்றாள்.

அந்தக் குரலை எனக்கு நல்லாய்த் தெரியும். இந்த மாதம் முழுக்க என் தொண்டைக்குள் கிடந்த குரல்.

பக்கத்துச் சீற்றில் இருந்த பையைப் பார்த்தேன். உடனே சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும்.