அழாத பிள்ளை

மதராஸ், 12-8-1934

அன்புள்ள அத்தானுக்கு, ஜெபகனி தோத்திரத்துடன் எழுதுவது. தேவகிருபையால் நான் சுகம், நர்ஸ் படிப்பும் நடக்கிறது. உங்கள் இருமல் குறைந்ததா?

“லேயாள் இப்பம் அழறதே இல்ல கேட்டியா, நல்ல பிள்ளையாயிட்டா” என்று நம் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூடப் படிக்கிறவர்களிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

இங்கே காய்ச்சல் வார்டில் பத்து மாதப் பிள்ளை ஒன்று. மூன்று வாரமாகத் தாயை உள்ளே விடவில்லை. முதலில் தொண்டை கட்ட அழுதது, பிறகு நிறுத்திவிட்டது. நாங்களும் நல்ல பிள்ளை என்றுதான் சொன்னோம். இன்று தாய் வந்து கை நீட்டினாள். பிள்ளை அவளை யாரோபோலப் பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டாக்டரம்மா சொன்னார்: “எட்டு மாசத்துலதான் பிள்ளைக்குத் தாய் வேற, மத்தவங்க வேறன்னு தெரியும். அப்பப் பிரிஞ்சா தேடும். தேடித் தேடி அலுத்தா, அழுகையை விட்டுடும்.”

லேயாளை எட்டாம் மாதத்தில்தானே விட்டு வந்தேன், அத்தான்!

ஊருக்கு வரும் செல்வதாஸ் அண்ணன் வசம் நான் உடுத்த சேலையைக் கொடுத்திருக்கிறேன். துவைத்தால் என் வாடை போய்விடும். அப்படியே தொட்டிலில் விரியுங்கள்.

வார்டு மணி அடித்துவிட்டது. லேயாள் அழுதாள் என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

ஜெபகனி