மலையிலிருந்து இறங்கிய கல்

காவிரித் தண்ணீர்த் தகராறில் பஸ்கள் நின்றுபோய், எங்கள் கௌதள்ளிப் பக்கம் ராகி பால் பிடிக்காமலே காய்ந்த வருஷத்தில்தான் உன்னையும் உன் சனங்களையும் வனத்துறைக்காரர்கள் மலையைவிட்டு இறக்கினார்கள். அது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும். எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

இன்று காலை மைசூர் ஹெப்பாளில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் உண்ணிச்செடியை வெட்டிக் குவித்தார்கள். கசங்கிய இலையின் காட்டமான வாடை மூக்கில் ஏறியதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். கடைசியாக உன்னோடு மலையேறிய அன்று நம் வேட்டியெல்லாம் இதே வாடைதான். நீ போன பிறகு ஒரு மழைக்காலமே வந்து போய்விட்டது. இப்போதும் உன்னிடம் பேசத்தான் வாய் வருகிறது.

நீ சோலிகன், காட்டுக்காரன். நான் கீழே மானாவாரி உழுதவன். தேனும் நெல்லிக்காயும் கொண்டு இறங்குவாய். உப்பும் புகையிலையும் வாங்கிக்கொண்டு ஏறுவாய். அப்படி ஒட்டியதுதான் நம் பழக்கம். மேலே உங்கள் குடிசைகளுக்கு நடுவில் ஒரு மத்தி மரம், அதன் அடியில் உங்கள் குலசாமிக் கல். முதல் ராகிக் கதிரை அதன் தலையில் வைக்காமல் உன் அப்பன் ஒரு வாய்க் களி தின்று நான் பார்த்ததில்லை.

இறங்கச் சொன்ன அன்று மற்றவர்கள் சட்டியையும் கோழியையும் கட்டினார்கள். நீ கடப்பாரையோடு கல்லைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தாய்.

"என்னடா பண்றே? சாமி எங்கிருந்தா என்ன, சாமிதானே?"

"உங்க சாமிக்குக் கோயிலு, பூசாரி, உண்டியலு எல்லாம் இருக்குதண்ணா. எங்க சாமிக்கு நாங்க மட்டுந்தான். விட்டுட்டுப் போனா பசிக்காதா?"

என் வண்டியைக் கேட்டாய். தந்தேன். கல்லில் வெயில் படாமல் தலைத்துண்டை நனைத்துப் போர்த்தினாய். "மாடு மூச்சு வாங்குது, நீயாச்சும் எறங்கி நடடா" என்றேன். "நான் எறங்குனா சாமி பயந்துக்கும்" என்று சிரித்தாய். வண்டிக்குப் பின்னால் உன் சனம் முழுக்க நடந்து வந்தது.

அதற்கு முன்னால் நீ ஒன்று செய்தாய். கல் இருந்த குழியை மண் போட்டு மூடி, மிதித்துச் சமன் செய்து, மேலே ராகியும் தூவினாய். குழி திறந்து கிடந்தால் சாமி பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடுமாம். உங்கள் வழக்கம் அது. கை வைத்துத் தடவினாலும் தெரியாதபடி மூடிவிட்டுத்தான் வண்டியேறினாய்.

பல வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. காட்டில் குடியிருந்து உழுதவர்கள் அந்த நிலத்தைக் கேட்கலாம், ஆனால் இருந்ததற்குச் சாமிக் கல், பழைய மரம் என்று ஏதாவது அடையாளம் காட்ட வேண்டும். சர்வே ஆட்களோடு நாமும் ஏறினோம். உங்கள் ராகிக் காடு முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. வருஷா வருஷம் சருகுக்குத் தீ வைக்க உங்களை விட்டிருந்தால் அது தலைதூக்கியிருக்காது. மத்தி மரம் விழுந்து மக்கியிருந்தது.

"சாமிக் கல் எங்கே?" என்றார் அதிகாரி.

"கீழ வந்துடுச்சு சார், எங்க கூடவே" என்றாய்.

"அப்போ உங்க ஊரு கீழதானே? இங்க எதுக்குக் கேக்கறீங்க?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பாதி மலை இறங்கிய பிறகுதான் உன் முகம் கறுத்தது. கீழே நீங்கள் குடிசை போட்டிருக்கும் இடத்துக்கோ பட்டா வேறொருவர் பேரில். மேலே அடையாளம் இல்லை, கீழே உரிமை இல்லை.

"கல்லத் திரும்பக் கொண்டுபோய் நட்டுரலாம்டா. வண்டி நான் தர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்று அன்று நான் சொன்னேன்.

"சாமிக்குத் தெரியாதா? பொய்யா நட்டா அது வெறுங்கல்லுண்ணா. வண்டி பின்னால நடந்தவங்க இத்தன பேரு இருக்கோம். நாங்க சொன்னா ஆகாதா?"

ஆகும் என்றுதான் சட்டமும் சொன்னது. ஆனால் விசாரணை தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை அதிகாரி மாறினார், ஒருமுறை தேர்தல் வந்தது. அதற்குள் நான் முழங்கால் போய், காளைகளை விற்றுவிட்டு மகளோடு மைசூருக்கு வந்துவிட்டேன். உன்னைப் புதைத்த சேதிகூட மறுநாள்தான் கிடைத்தது. கல்லை இறக்கிய அந்த வருஷம் என் மாட்டுக்குக் கால் நொண்டியிருக்கக் கூடாதா, வண்டி வராது என்று நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று படுத்தால் இதே நினைப்புதான்.

போன வாரம் மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மலையிறங்கிய பிறகு பிறந்த உன் மகன் வந்து கைத்தாங்கலாக என்னைப் பஸ் ஏற்றினான். மரம், கல், குடிசை நின்ற திசை, ஓடையில் நீங்கள் தண்ணீர் மொண்ட பாறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை வந்திருந்தது ஒரு பெண் அதிகாரி. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றத நம்பறேன் பெரியவரே. ஆனா ஒருத்தர் வார்த்த பத்தாது. அங்க கல்லப் பார்த்தவங்க இன்னொருத்தர் வேணும். யாரு இருக்காங்க?"

வண்டிக்குப் பின்னால் நடந்த முகங்களை வரிசையாகக் கண்முன் கொண்டுவந்தேன். உன் அண்ணன் பேரைச் சொன்னேன். உன் மகன் தலையை ஆட்டினான், இல்லை. தம்பட்டம் அடித்து வந்த ஜடையன். இல்லை. தேன் எடுக்கும் பொம்மன். அவனும் இல்லை. உன் பெண்டாட்டி பேரைச் சொன்னபோது அவன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் வந்த கூட்டத்தின் கடைசியில், சாமிக்குத் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடந்து வந்தவளை அப்போதுதான் நினைவில் பிடித்தேன். குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவள், உன் தங்கச்சி மாதம்மா. பேரைச் சொன்னதும் உன் மகன், "அத்தை இருக்காங்க" என்றான், அதிகாரி எழுதிக்கொண்டாள்.