பச்சைத் திரைக்கு வெளியே

ஆபா,

இன்று காலை அந்தப் பச்சைத் திரையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். சாயம் போய் ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. நீங்கள் போட்ட தையலில் மட்டும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் மேல்தோல் தைத்த கை ஆயிற்றே. சமையலுக்கு என்று இந்தப் பெண் பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் அக்காவாக, ஆபாவாக ஆன பிறகும் எதைத் தைத்தாலும் ரெட்டைத் தையல்தான். "தலகாணி உறைக்கு எதுக்கு ஆபா இவ்ளோ கெட்டி?" என்று கேட்டால், "இதுங்க கண்ணுல கிழியாத சாமானும் ஒண்ணு படட்டும்டி" என்பீர்கள். ஈரத் திரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிள்ளைகள் படுக்கிற அறைக்கு உள்தாழ்ப்பாள் கூடாது என்பது விதி. உள்ளே பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துகொண்டால் என்ன பண்ணுவது? விதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தீபா வந்த முதல் வாரம் கதவுக்குப் பின்னால் தன் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு வயசு. ஆலங்காயத்துப் பக்கம் வீடு. அப்பன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். அம்மாவை அடிக்கும்போது குறுக்கே போனால் இவளுக்கும் விழும். அம்மா கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இவளை நம்மிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

வார்டன் என்கிற மிதப்பில் நான் கதவைத் தள்ளினேன். பெட்டி நகர்ந்தது. உள்ளே போய், "இப்டிலாம் செய்யக் கூடாது" என்று சத்தம் போட்டேன். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். "இன்னா கஸ்தூரி, அவ அப்பன் மாதிரியே பூந்துட்டுப் போற?"

அந்த வார்த்தைக்காக இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் நீங்கள் திரையைத் தைத்து முடித்துவிட்டீர்கள். கதவு திறந்தே கிடக்கட்டும், திரை தொங்கட்டும், யாராக இருந்தாலும் வெளியே நின்று "வரட்டுமா?" என்று கேட்கட்டும். "வாங்க" என்று பதில் வந்தால் போகலாம். வராவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இதுதான் நீங்கள் போட்ட சட்டம். பதிலே சொல்லவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "சாய்ந்தரம் வந்து மறுபடி கேளு. இன்னா, உனக்கு ரயிலா போவுது?"

நான்கு மாதம் கேட்டோம். டீ தம்ளரை மூடித் திரைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு வருவீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குஸ்காவுக்கு வெங்காயம் உரிக்க உட்காருவதற்கு முன்னால், வழக்கம்போலப் போய்க் கேட்டீர்கள். உள்ளேயிருந்து "வாங்க" என்று வந்தது. கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு நான் ஓடிவந்தேன். நீங்களோ தினமும் போகிற ஆள்போல உள்ளே போய், "வெங்காயம் ஜாஸ்தி கெடக்குது, உரிக்க வர்றியா?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்த முடிந்ததா? பள்ளிக்கூடத்தில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். ஒருநாள் நீங்கள் உப்புமா போடப் போனபோது தட்டை இழுத்துக்கொண்டு, "வேணாம் ஆபா, எனக்குப் புடிக்கல" என்றாள். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியாடி! வேணாம்னு சொல்லிட்டா. அந்த வீட்ல இந்த ஒரு வார்த்தைய வாயத் தொறந்து சொல்ல முடிஞ்சிருக்குமா?" என்று சமையலறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

மாதக் கடைசியில் நான் எழுதும் அறிக்கையில் 'முன்னேற்றம்' என்று ஓர் இடம் உண்டு. ஆசை ஆசையாக நிரப்பினேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், எல்லோருடனும் பேசுகிறாள், பயம் நீங்கிவிட்டது. நீங்கள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நல்லா ஆயிட்டான்னு எழுதாதடி. இங்க இருக்கங்காட்டி நல்லா இருக்கா, வீட்டுக்குப் போனா பழையபடிதான்" என்றீர்கள். "அப்ப பொய் எழுதணுமா?" என்று கேட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொண்டேன். நேர்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை ஆபா. என் பெருமை அது. நான் தேற்றிய பிள்ளை என்று நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற அற்ப ஆசை.

பார்த்தார்கள். பிள்ளை தேறிவிட்டாள், அப்புறம் இல்லத்தில் எதற்கு என்று குழந்தைகள் நலக் குழுவில் சொன்னார்கள். அப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "திருந்திட்டாரு மேடம், எம்மேல சத்தியமா திருந்திட்டாரு" என்று அம்மாக்காரியே கையெழுத்துப் போட்டாள். தீபா அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லா இருந்தா அனுப்பிடுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

நான் வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

பிறகு உங்களுக்குக் கிட்னி போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "அந்தப் புள்ள எப்டி இருக்கா?" என்று கேட்டீர்கள். அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்ட சேதி அதற்கு முந்தின வாரமே எனக்கு வந்திருந்தது. "நல்லா இருக்கா ஆபா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "எழுதுற மாதிரியே சொல்ற" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. பாவி நான், அதற்கும் சிரித்து மழுப்பினேன்.

உங்களை அடக்கம் செய்து இரண்டு மாதம் கழித்துத் தீபா திரும்பி வந்தாள். அக்கம்பக்கத்தார் போன் செய்து போலீஸ் போயிருக்கிறது. அப்பன் அடித்ததை, வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போலீஸிடமும் அம்மாக்காரி சொல்லியிருக்கிறாள். இடது காது சுத்தமாகக் கேட்காது, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினாலு வயசில் பழைய இடத்துக்கே வந்து, பழைய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

திரையை மறுபடி மாட்டினேன். அவள் படுத்தால் கேட்கிற காது வாசல் பக்கம் இருக்கும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டேன். காலையிலும் சாயங்காலமும் போய் நின்று "வரட்டுமா?" என்று கேட்கிறேன். டீ ஆடை கட்டிப் போகிறது. போன தடவை வீட்டுக்குப் பயந்து பேசாமல் இருந்தாள். இந்தத் தடவை என்னையும் சேர்த்துத்தான் பயப்படுகிறாள். தேறினால் அனுப்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த வாயால் அவளைத் தேறச் சொல்வேன்? எத்தனையோ நாள் பாதி வழியிலேயே, எதற்கு இந்த வேலை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நின்றிருக்கிறேன். கால்தான் பழக்கத்தில் திரைவரை போய்விடுகிறது.

இன்று மாதக் கடைசி. அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'முன்னேற்றம் ஏதும் இல்லை. தொடர்ந்து இங்கேயே இருப்பது அவசியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதி பொய், ஆபா. தெரிந்தே எழுதினேன்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் டீயோடு போய்த் திரைக்கு வெளியே நின்று "வரட்டுமா?" என்று கேட்டேன். திரும்பி வந்த பிறகு முதல் வார்த்தையாக, உள்ளேயிருந்து, "வேணாம்" என்றாள்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.